வெண்ணெய்க் கை அல்சீரா

அல்சீராவுக்கு ஆறு வயது நடக்கும்போது, ஓர் ஈஸ்டர் ஞாயிறன்று, அவள் கையிலிருந்த சூப் பாத்திரம் விழுந்து உடைந்தது. நீலப் பூப்போட்ட பீங்கான். அவள் அம்மா பெர்பெத்துவாவின் கல்யாணத்துக்கு ஞானத்தாய் கொடுத்த சீர். சூப்பு சமையலறைத் தரையெங்கும் ஓடி, அடுப்புக்கு அடியில் படுத்திருந்த நாய்க்குப் பண்டிகையானது. அந்தப் பாத்திரத்தின் ஒரு காது முந்தைய வருஷமே கழன்று விழுந்து, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் அப்பா லவுரிந்து. விஷயம் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. பெர்பெத்துவா பேசும்போது குறுக்கே வாயைத் திறக்கிற ஆள் வால்வெர்தே கிராமத்திலேயே கிடையாது.

"வெண்ணெய்க் கை!" என்று கத்தினாள் பெர்பெத்துவா. "கையா இது? வெண்ணெயைப் பிடிச்சுக் கை மாதிரி செஞ்சு ஒட்டி வெச்சிருக்கு!"

சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் சிரித்தார்கள். அண்ணன் அபீலியுவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கப் பெயர் பரவிவிட்டது. பெர்பெத்துவாவும் லவுரிந்துவும் நடத்தியது கோயிலுக்கு நேர் எதிரே இருந்த ஒயின் கடை. அந்தக் கடையில் சொல்லப்பட்டது பூசையில் வாசிக்கப்பட்ட மாதிரிதான்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எதைத் தொட்டாலும் வீட்டில் ஒரு குரல் எழும். "பாத்துடி! கீழ போட்றாதே!" குரல் வந்ததும் அல்சீராவின் கண் கையிலிருக்கும் சாமானை விட்டுவிட்டு அம்மாவின் முகத்துக்கு ஓடும். அந்த ஒரு நொடி போதும். ஜாடி போகும், விளக்குச் சிம்னி போகும். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி இரவல் கேட்ட ஒரு டஜன் முட்டையும் போனது. ஒரு ஜூன் மாதம் ஊர்வலத்துக்கு அலங்கரித்து வைத்திருந்த புனித அந்தோனியார் சிலையின் தலை போனபோது பாதிரியாரே ஒரு கெட்ட வார்த்தையைப் பாதி சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பதினைந்து வயதில் அவளே முந்திக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். யாராவது ஒரு தட்டை நீட்டினால் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். "என்கிட்ட வேணாம். எனக்கு வெண்ணெய்க் கை." எல்லோரும் சிரிப்பார்கள். தானே சொல்லிக்கொண்டால் கொஞ்சம் குறைவாக வலிக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு. இருபதில் ரொட்டிக்கடைக்காரர் மகனுக்கு அவள்மேல் ஒரு கண் இருந்தது. அவன் அம்மா ஒரே வார்த்தையில் அந்தக் கண்ணைத் திருப்பிவிட்டாள்: "வீட்டுல ஒரு கோப்பை மிஞ்சாதுடா."

அல்சீராவுக்கு இருபத்திரண்டு ஆனபோது மரீன்யா க்ராண்டே ஊரிலிருந்து சித்தி மகள் கடிதம் போட்டாள். அங்கே ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் பெருக்குவதற்கு ஆள் கேட்கிறார்கள், அனுப்பினால் சேர்த்துவிடுகிறேன் என்று.

"கண்ணாடி பண்ற இடத்துக்கா?" என்றாள் பெர்பெத்துவா. "அந்த முதலாளிக்கு நாம என்னடி கெடுதல் பண்ணினோம்?"

"பெருக்குற வேலைதாம்மா."

"அப்பச் சரி. உடைஞ்சதைப் பெருக்குறதுல உனக்குப் பதினாறு வருஷ அனுபவம். போயிட்டு வா."

அல்சீரா ஒரு துணிப்பையும், அம்மா துணியில் சுற்றிக் கொடுத்த தொத்திறைச்சியும், அந்தப் பெயரும் சுமந்துகொண்டு பஸ் ஏறினாள்.

அக்டோபர் மாதம், திங்கட்கிழமை காலை. தொழிற்சாலை வாசலில் காதில் பென்சில் செருகிய ஒரு குட்டை மனிதர் யாரையோ எதிர்பார்த்து அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். பேக்கிங் பிரிவு மேஸ்திரி குவால்தீனு. முப்பது வருஷம் பட்டை தீட்டும் சக்கரங்களுக்குப் பக்கத்தில் நின்று அவருடைய காதில் முக்கால் பங்கு போய்விட்டிருந்தது. மிச்சமிருந்த கால் பங்கை அவர் பிறர் பேச்சைக் கேட்பதற்குச் செலவிடுவதில்லை.

"நீதானே வியேராவிலிருந்து வர்ற பொண்ணு?"

"இல்லைங்க, நான் பெருக்குறதுக்கு..."

"சரி சரி, வா. உன் கையைப் பத்திச் சொல்லியிருக்காங்க."

அல்சீராவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வால்வெர்தே எங்கே, இந்த ஊர் எங்கே! தான் வருவதற்குள் தன் பெயர் வந்து சேர்ந்துவிட்டதா?

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். அவருக்குக் கேட்கவில்லை. காதுக்கருகே போய்க் கத்தினாள்: "என் கையைப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நல்ல கைன்னு சொன்னாங்க! வேறென்ன சொல்வாங்க? வா, வேலை குவிஞ்சு கிடக்கு."

பேக்கிங் கொட்டகையில் நீளமான மேசைகளும், மலைபோல வைக்கோலும், மரப்பெட்டிகளும் இருந்தன. மேசைமேல் ஒயின் கோப்பைகள் வரிசையாக நின்றன. காம்பு அவள் சுண்டுவிரலைவிட மெலிசு. மேஸ்திரி ஒரு கோப்பையை எடுத்து, நகத்தால் தட்டி, அது 'ணிங்' என்றதைக் கேட்ட மாதிரி தலையாட்டி, காகிதத்தில் சுருட்டி, வைக்கோலுக்குள் படுக்க வைத்தார். "இப்படித்தான். உனக்குத் தெரியாததா!" என்றார். போய்விட்டார்.

அல்சீரா நின்றாள். மற்ற மூன்று பெண்கள் மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியாவது திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஒரு கோப்பையைக் கையில் எடுத்தாள். தோளிரண்டும் காதுவரை ஏறிக்கொண்டன. குரல் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். மழை வராது என்று ஒருத்தி சொன்னாள். துணி காயப்போட்டிருக்கேன், வராம இருக்கட்டும் என்று இன்னொருத்தி சொன்னாள். அவ்வளவுதான்.

கண்ணுக்குப் போக வேறு முகம் இல்லாததால் அது கையிலேயே இருந்தது. கோப்பை காகிதத்துக்குள் போனது. வைக்கோலுக்குள் போனது.

அப்போது அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்த இடத்தில் நிற்க வேண்டியது வியேரா பெண். நல்ல கைக்காரி. அவள் எப்படி நிற்பாள்? காலைக் கொஞ்சம் அகட்டி நிற்பாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருப்பாள். ஏதாவது ஒரு மெட்டை முனகிக்கொண்டே வேலை செய்வாள். அல்சீரா காலை அகட்டிக்கொண்டாள், கையைச் சுருட்டிக்கொண்டாள், கோயில் பாட்டு ஒன்றை முனகினாள். அன்று சாயங்காலச் சங்கு ஊதும்போது அவள் கட்டிய கோப்பைகள் நூற்று எண்பது. ஒன்றும் உடையவில்லை. தங்கியிருந்த அறையில் முகம் கழுவும்போது தன் கையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதே கைதான்.

செவ்வாயும் புதனும் அப்படியே போயின. வியாழக்கிழமை காலை குள்ளமான, மூக்கு சிவந்த, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி தும்மிக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தாள்.

"காய்ச்சல்ல கிடந்தேன் மேஸ்திரி. மூணு நாள் எழுந்திரிக்கவே முடியல. நான்தான் எர்மெலிந்தா. வியேராவிலிருந்து."

குவால்தீனு அவளைப் பார்த்தார். அல்சீராவைப் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பச் செருகினார்.

"அப்ப நீ யாரு?"

"பெருக்க வந்தவ."

இந்த முறை அவருக்குக் கேட்டது. மேசையருகே போய், அவள் கட்டிவைத்த பெட்டி ஒன்றைப் பிடித்து உலுக்கினார். உள்ளே எதுவும் ஆடவில்லை. தரையில் கிடந்த வைக்கோலைக் காலால் தள்ளினார்.

"யாராவது பெருக்கட்டும்," என்றார். "நீ இங்கயே நில்லு."

உண்மையான வியேராப் பெண் காலை அகட்டி நிற்கவில்லை, பாட்டு முனகவில்லை. ஒவ்வொரு கோப்பையையும் திட்டிக்கொண்டே கட்டினாள். "உள்ள போயேன், சனியனே!" என்பாள், அடுத்து தும்முவாள். அல்சீராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்று நாளாகத் தான் யாருடைய கையை இரவல் வாங்கியிருந்தோம்? அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லவே இல்லை. ஆனாலும் கோப்பைகள் நின்றனவே.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஒயின் குடுவை அவள் கையிலிருந்து நழுவியது. கனமான குடுவை. கல் தரையில் விழுந்து சிதறிய சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அல்சீரா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் ஏமாற்றியது வெளியாகிவிட்டது, இனி மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நின்றாள்.

குவால்தீனு வந்தார். "தொட்டியில போடு," என்றார். உடைசல் தொட்டிக்குப் போய், அங்கிருந்து உலைக்குப் போகும். நாளைக்கு வேறு ஏதாவதாக வரும்.

அல்சீரா அள்ளிப் போட்டுவிட்டு வந்து மறுபடியும் நின்றாள்.

"இப்ப என்ன நிக்கிற?"

"நீங்க இன்னும் எதுவும் சொல்லலையே."

"என்ன சொல்லணும்? கண்ணாடிம்மா அது. உடையும்."

பக்கத்து மேசையிலிருந்து எர்மெலிந்தா தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில் சொன்னாள்: "நேத்து நான் ரெண்டு உடைச்சேன். சனியன்கள்."

அல்சீராவுக்கு அது நினைவே இல்லை. எர்மெலிந்தா உடைத்தது அவள் காதில் விழுந்திருக்கும், மனசில் தங்கவில்லை. நல்ல கைக்காரி உடைத்தால் அது ஒரு கோப்பை உடைந்தது, அவ்வளவுதான், மறந்துபோகிறது. வெண்ணெய்க் கைக்காரி உடைத்தால் மட்டும் அது சாட்சியாகிவிடுகிறது. அன்று மத்தியானம் காய்கறிச் சூப்பில் ரொட்டியைத் தோய்த்தபடி இதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எர்மெலிந்தா தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது.

"என்னடி, காதலா?"

"இல்லக்கா. கணக்கு."

"ரெண்டும் தலைவலிதான். எழுந்திரு."

வருஷங்கள் ஓடின. அல்சீரா ஒயின் கோப்பையிலிருந்து பூச்சாடிக்கும், பூச்சாடியிலிருந்து கூரையில் தொங்கும் கொத்து விளக்குகளுக்கும் முன்னேறினாள். கடல் தாண்டிப் போகும் பெட்டிகளை அவளிடம்தான் கொடுத்தார்கள், கொத்து விளக்கு மேசைகளுக்கு அவளையே தலைமை ஆளாகவும் வைத்தார்கள். எந்தச் சாமான் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்க ஆசைப்படும் என்று அவளுக்குத் தெரியும் என்பார் மேஸ்திரி. பெட்டிகளை லிஸ்பன் துறைமுகத்துக்கு ஓட்டிப்போன லாரிக்காரன் செபெரீனு, நெட்டையான, சோம்பலாகச் சிரிக்கிற மனிதன், அந்தப் பெட்டிகளை ஏற்றும்போது தேவைக்கு அதிகமாகக் கொட்டகைக்குள் சுற்றினான். அவர்கள் கல்யாணம் அந்த ஊர்க் கோயிலிலேயே எளிமையாக நடந்தது.

வால்வெர்தேயில் மட்டும் அவள் இன்னும் பெருக்குகிறவள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போவாள். போன ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று உடையும். வாசல்படியில் காலை வைக்கும்போதே தோள்கள் தாமாகக் காதுக்கு ஏறிவிடும். கல்யாணமான முதல் வருஷம் செபெரீனுவும் கூடப் போனான். காட் மீனும் முட்டைக்கோசும் மேசைக்கு வந்தன. அல்சீரா ஆலிவ் எண்ணெய்க் குடுவையை எடுத்தாள். "பாத்துடி!" என்றாள் பெர்பெத்துவா. குடுவை தரைக்குப் போனது.

மேசை முழுக்க ஆரவாரம். "மாப்பிள்ளை, உங்க வீட்டுல எதுல சாப்பிடுறீங்க? வாளியிலயா?" என்றான் அபீலியு.

செபெரீனுவுக்கு ஒயின் புரை ஏறியது. "இவளையா சொல்றீங்க? இவ யாருன்னு..."

மேசைக்கு அடியில் அல்சீரா ஒரு உதை விட்டாள். முழங்கால் எலும்பில் பட்டது. அவன் மிச்சத்தை முட்டைக்கோசோடு சேர்த்து விழுங்கினான்.

திரும்பி வரும்போது லாரியில் கேட்டான்: "ஏன் சொல்லக் கூடாது? பெருமைதானே?"

"சொன்னா சிரிப்பாங்க. 'நீயா?'ன்னு கேப்பாங்க. அந்த ஒரு வார்த்தை போதும் செபெரீனு. திங்கக்கிழமை என் கை என் கையா இருக்காது."

அவன் கியரை மாற்றினான். பைன் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. "எனக்கு முழங்கால் வீங்கியிருக்கு," என்றான் கடைசியில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தாம் வருஷம் வசந்தத்தில் குவால்தீனு ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். அப்போது அவர் காதில் மிச்சமிருந்ததும் போய்விட்டது.

"வால்வெர்தேன்னு ஒரு ஊராம். கோயிலுக்குக் கொத்து விளக்கு கேட்டிருக்காங்க. எட்டுக் கிளை, இருநூத்தி நாப்பது தொங்கல். பிரான்சுக்கு வேலைக்குப் போன ஊர்க்காரங்க சேர்ந்து செய்யறாங்களாம். நீதான் போய்ப் பிரிச்சு மாட்டிக் கொடுத்துட்டு வரணும். ஊர் தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றாள் அல்சீரா.

சனிக்கிழமை காலை செபெரீனுவின் லாரி கோயில் முன் நின்றபோது ஊரே கூடியிருந்தது. பாதிரியார் கிந்தீனு புது அங்கியில் இருந்தார். ஊரின் எலெக்ட்ரீஷியன் என்ற முறையில் அபீலியு கோயிலுக்குள் ஏணி போட்டுத் தயாராக நின்றிருந்தான். கடை வாசலிலிருந்து பெர்பெத்துவா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"ஏண்டி லாரியில வந்து இறங்குறே? பஸ் ஓடலையா?"

பாதிரியார் லாரியைச் சுற்றிப் பார்த்தார். "பேக்கிங்ல தலைமை ஆள் கூட வருவாங்கன்னு எழுதியிருந்தாங்களே. அவர் எங்க?"

"நான்தான் ஃபாதர்."

கூட்டம் அவளையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. நல்ல சிரிப்புதான், விஷம் இல்லாத, பழக்கமான சிரிப்பு. அபீலியு ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை. இருநூற்று நாற்பது தொங்கல்களையும் அந்தோனியாரின் தலையையும் அவர் ஒரே சமயத்தில் நினைத்துக்கொண்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கொண்ணும் இல்லம்மா," என்றார். "ஆனா வந்து... அந்தப் பெட்டியை வேற யாராவது..."

செபெரீனு லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டு, முழங்காலை அல்சீராவுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு பேசினான். "ஃபாதர், இவ கட்டின பெட்டியை நான் எட்டு வருஷமா துறைமுகத்துக்கு ஓட்டறேன். ரோடு எப்படியிருக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒருநாள் ஒரு புகார் வந்ததில்ல. இவ தொடக் கூடாதுன்னா சொல்லுங்க, அப்படியே திரும்பி ஓட்டிட்டுப் போயிடறேன்."

யாரும் திரும்பி ஓட்டச் சொல்லவில்லை.

அல்சீரா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். தொங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் தட்டிப் பார்த்து, துணியால் துடைத்து, ஏணியின் நடுப்படியில் நின்ற அபீலியுவிடம் நீட்டுவாள். அவன் மேலே கிளையில் கோப்பான். முன்வரிசைப் பெஞ்சில் பெர்பெத்துவா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தொங்கலுக்கும் ஒரு "பாத்துடி!" வந்தது. ஐந்தாவது, ஆறாவது தொங்கலில் அல்சீராவின் தோள்கள் காதுப் பக்கம் ஏறத் தொடங்கின. கோயில் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனாலும் கழுத்தில் வியர்த்தது. கண் பெஞ்சுப் பக்கம் ஓடியது.

கையிலிருந்ததைத் துணிமேல் வைத்துவிட்டு நேரே அம்மாவிடம் போனாள்.

"அம்மா. நீ கத்தாதே. உனக்குப் பாக்கணும்னா நல்லாப் பாரு. ஆனா என் மூஞ்சியைப் பாக்காதே, கையைப் பாரு. கையை மட்டும்."

இந்தப் பெண் தன்னிடம் இப்படிப் பேசுவது பெர்பெத்துவாவுக்குப் புதிது. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தாள். கையைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்ப்பதென்று முடிவெடுத்தால் பெர்பெத்துவா கண் இமைக்காமல் பார்ப்பாள்; ஒயின் கடையில் அளவு குறைந்ததென்று அவளிடம் யாரும் சண்டை போட முடிந்ததில்லை.

தட்டுவது, துடைப்பது, நீட்டுவது. நூறு தாண்டியது. அல்சீரா முனக ஆரம்பித்தாள். நூற்று ஐம்பது. வெளியிலிருந்து குழந்தைகள் ஓடி வந்து பார்த்துவிட்டு ஓடினார்கள். இருநூறைத் தாண்டிச் சில தொங்கல்கள் போயிருக்கும். அபீலியுவின் சட்டைப் பொத்தானில் கம்பி ஒன்று மாட்டிக்கொண்டது. அவன் அதை விடுவிக்கக் குனிந்தான்.

தரையில் கண்ணாடி சிதறிய சத்தம்.

"ஆ!" என்றது ஊர் மொத்தமும். பின்பக்கத்திலிருந்து யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள்: "வெண்ணெய்க் கை!" எல்லாத் தலையும் அல்சீராவை நோக்கித் திரும்பியது.

"மன்னிச்சிடுங்க," என்றாள் அல்சீரா. வார்த்தை தானாக வந்தது. முகம் சிவந்து, தோள் காதுக்கு ஏறி, ஆறு வயதுக்குத் திரும்பிவிட்டாள். "என் கை... எப்பவுமே..."

"வாயை மூடுடி!"

பெர்பெத்துவா எழுந்து நின்றிருந்தாள். குரல் மேற்கூரையில் மோதித் திரும்பியது.

"அவ கை காலியா இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அவ கொடுத்தாச்சு. கொடுத்துட்டு அடுத்ததை எடுக்கக் குனிஞ்சாச்சு. போட்டது இவன்!" விரல் ஏணியைக் காட்டியது. "டேய் அபீலியு! சொல்லு!"

ஏணியில் நின்ற அபீலியு வெள்ளை வெளேரென்று இருந்தான். கையில் ஒன்றும் இல்லை. "நான்தான்," என்றான் மெதுவாக. "நழுவிடுச்சு. அவ மன்னிப்புக் கேட்டதும் எனக்கே... அவதான் போட்டாளோன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு."

அல்சீரா தன் கைகளைப் பார்த்தாள். காலிதான். தான் போடாத ஒன்றுக்குத் தானே மன்னிப்புக் கேட்டிருக்கிறோம். அதுவும் எவ்வளவு அவசரமாக! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் கண்ணில் நீரும் வந்தது. இரண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள்.

"பரவாயில்ல அண்ணே," என்றாள். "கண்ணாடி உடையும். ஒவ்வொரு பெட்டியிலயும் ஆறு உபரி வெச்சுத்தான் கட்டுவோம். இந்தா."

புதுத் தொங்கலைத் தட்டி, துடைத்து, நீட்டினாள். அபீலியு இரண்டு கையாலும், குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினான்.

விளக்கு மத்தியானத்துக்குள் எரிந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஒயின் கடையில் நடந்த விருந்தில் அபீலியுவை ஊர் ஒரு வழி பண்ணியது. அவனும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான். அல்சீராவின் தட்டில் வறுத்த ஆட்டுக்கறியை அவனே மூன்று தடவை வைத்தான். விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது பெர்பெத்துவா மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை அந்தக் கடையில் விற்கிற சரக்கில்லை. வேறு விதமாகக் கேட்டாள்.

"இத்தனை வருஷமா நம்ம வீட்டுல உடைஞ்சதே, அதுல எவ்வளவுடி நிஜமா நீ உடைச்சது?"

அல்சீரா யோசித்தாள். "பாதி இருக்கும்மா. அந்தப் பாதியிலயும் பாதி நீ கத்தினதுனால."

"மிச்சம்?"

"மிச்சத்துக்கு யாரு உடைச்சாங்களோ, எனக்குத் தெரியாது. நான் பக்கத்துல நின்னிருப்பேன்."

பெர்பெத்துவா ஒரு தட்டை நீண்ட நேரம் துடைத்தாள். "தலைமை ஆளா நீ?" என்றாள்.

"ஆமா."

"எத்தனை பேரு உனக்குக் கீழ?"

"பதினொண்ணு."

"கத்துவியா அவங்ககிட்ட?"

"மாட்டேன்."

"ம்," என்றாள் பெர்பெத்துவா. மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளரிலிருந்து பதினொன்று என்ற எண் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாத முடிவுக்குள் அது இருபதாகியும் விட்டது.

அப்படியொன்றும் எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அடுத்த கிறிஸ்துமஸிலும் அல்சீரா ஒரு உப்புக் கிண்ணத்தை உடைத்தாள். தோளுக்கு அந்த வீட்டு வாசல்படியை மறக்கப் பல வருஷம் பிடித்தது. ஆனால் அவள் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற வார்த்தைகளை வடிகட்டிப் பார்க்கப் பழகினாள். "எனக்கு நீந்த வராது" என்று ஒருநாள் வாய் சொல்லப்போனபோது நிறுத்தி, யார் சொன்னது, எப்போது பார்த்தார்கள் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். யாரும் பார்த்ததில்லை. பக்கத்திலிருந்த சாவ் பெட்ரோ கடற்கரைக்குப் போய்க் கடலில் இறங்கிப் பார்த்தாள். உண்மையாகவே வரவில்லை. அலை அவளைப் புரட்டி எடுத்தது. செபெரீனு இழுத்துக் கரையில் போட்டான். "சரி, இது நிஜம்," என்று மணலைத் துப்பினாள். அதில் அவளுக்கு வருத்தம் இல்லை, சோதித்துத் தெரிந்துகொண்டதுதானே.

நாற்பத்தியொரு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். சொல்லிக்கொடுத்த ஆள் முதல் நாளே ஆரம்பித்தான்: "இந்த வயசுல பொம்பளைங்களுக்குக் கியர் கொஞ்சம்..."

"தம்பி," என்றாள் அல்சீரா, "ரோட்டுல என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க. என்னைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க. அதைக் கேட்டா எனக்குச் சட்டுனு ஒட்டிக்கும்."

மூன்றாவது முயற்சியில் உரிமம் கிடைத்தது. அந்த ஆகஸ்டில் வால்வெர்தேக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு மீன் வாங்கப் புறப்பட்டாள். லவுரிந்து வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எழுபதைத் தாண்டிய பெர்பெத்துவா முன்சீட்டில், ஞாயிறு உடையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். முதல் வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. பெர்பெத்துவாவின் வாய் திறந்தது. உடனே கைக்குட்டையை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

இரண்டாவது வளைவில் செம்மறி மந்தை. கைக்குட்டை அப்படியே இருந்தது. கண் மட்டும் பிதுங்கியது. அல்சீரா வண்டியை நிறுத்தி, கடைசி ஆடு தாண்டும்வரை காத்திருந்து, மறுபடி கிளப்பினாள். என்ஜின் அணைந்துவிட்டது. திரும்பக் கிளப்பினாள். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அவனுக்குக் கை காட்டிவிட்டு மூன்றாவது முறை கிளப்பினாள். வண்டி நகர்ந்தது.

இறக்கத்தில் கடல் தெரிந்ததும் பெர்பெத்துவா கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்து, மடித்து, பைக்குள் வைத்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேண்டி," என்றாள். "மத்தி தீந்துடும்."